கால்டுவெல் குடிவழி: ஆண்ட்ரிம் முதல் இடையன்குடி வரை

முன்னுரை

திராவிட மொழிகளின் உறவை உலகறியச் செய்த இராபர்ட்டு கால்டுவெல்லின் (1814–1891) நூல்களைப் பற்றி ஆய்வுகள் பலவாக வெளிவந்துள்ளன. அவர் குடிவழியைப் பேச வேண்டிய இடத்தில் மட்டும் தமிழ் நூல்கள் பலவும் அயர்லாந்து நாட்டவர் என்னும் ஒரு தொடரோடு நின்றுவிடுகின்றன. அத்தொடர் அவர் பிறந்த மண்ணைச் சுட்டுகிறதேயன்றி அவர் வந்த வழியைச் சுட்டவில்லை. இவ்விரண்டும் வேறு வேறு என்பது கொங்கு நாட்டார்க்கு விளக்க வேண்டாத செய்தி. அன்னூரில் பல தலைமுறையாக உழுது வாழும் ஒரு குடும்பத்தின் காணியூர் காங்கயம் பக்கத்திலோ ஈரோட்டுப் பக்கத்திலோ இருக்கலாம். ஊர் கேட்டால் அன்னூரையும், கூட்டமும் குலதெய்வமும் கேட்டால் காணியூரையும் சொல்வது அவர்கள் வழக்கம். கால்டுவெல்லையும் அவ்வாறே இருமுறை கேட்டறிதல் வேண்டும்.

பிறந்த ஊரும் பெற்றோர் வழியும்

கால்டுவெல் 1814 மே 7ஆம் நாள் அயர்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஆண்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர், வறியவர், பிரசுபிட்டேரியன் சபையைச் சார்ந்தவர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஸ்காட்லாந்து மக்கள் கடல் கடந்து அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் பெருந்தொகையாகக் குடியேறினர். கத்தோலிக்கராகிய அயர்லாந்துப் பழங்குடியினரோடும், ஆங்கிலத் திருச்சபை சார்ந்த நிலவுடைமையாளரோடும் முழுமையாகக் கலவாமல் அவர்கள் தனித்தொரு சமூகமாக வாழ்ந்தனர்.

அம்மண்ணில் குடியேறியவர் அவர்கள் மட்டும் அல்லர். ஹியூகனாட்டுகள் எனப்பெறும் பிரெஞ்சுச் சீர்திருத்தக் கிறித்தவர்க்கு வழங்கப்பட்டிருந்த சமய உரிமையைப் பதினான்காம் லூயி மன்னன் 1685இல் பறித்தபோது, நாடு துறந்தவர்களுள் ஒரு பகுதியினர் அயர்லாந்தை அடைந்தனர். ஆண்ட்ரிம் மாவட்டத்து லிஸ்பர்னில் லூயி குரோம்லின் 1698 முதல் சணல்நூல் துணி நெசவை வளர்த்தமை அவ்வருகையின் விளைவாகும். ஆகவே ஆண்ட்ரிமில் பிறந்த ஒருவருக்குப் பிரெஞ்சு வழி இருத்தல் இயலாததன்று. கால்டுவெல் என்னும் பெயரைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் ஊகமாகவும் இல்லை. ஆண்ட்ரிமிலிருந்து அமெரிக்காவின் வர்சீனியாவுக்குப் பெயர்ந்த கால்டுவெல் குடும்பம் ஒன்று, தம் முன்னோர் பிரான்சிலிருந்து துரத்தப்பட்டு ஸ்காட்லாந்து வழியாக அயர்லாந்துக்கு வந்தவர் என்னும் வழிவழிச் செய்தியைப் போற்றி வந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பெயர்பெற்ற ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் போதகர் அக்குடும்பத்தவர்.

ஒரே மாவட்டம், ஒரே பெயர், ஒரே சபை. இவற்றைக் கொண்டு இடையன்குடிக் கால்டுவெல்லுக்கும் ஹியூகனாட்டு வழி கற்பிப்பது எளிது. ஆயின் அது பிழையான நெறி. கால்டுவெல் என்பது ஓர் ஊர்ப்பெயர். ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் ரென்புரூசயரில் அப்பெயருடைய நிலம் உள்ளது. குளிர்ந்த ஊற்று அல்லது கிணறு என்பது சொற்பொருள். (கோவைக்குத் தெற்கேயுள்ள கிணத்துக்கடவும் கிணற்றால் பெயர்பெற்ற ஊரே.) நிலத்தின் பெயரைப் பல குடும்பங்கள் தனித்தனியே ஏற்றிருக்கலாம். கொங்கில் ஒரே கூட்டப்பெயர் வெவ்வேறு சமூகத்தாரிடம் வழங்குவதுண்டு. பெயர் ஒன்றானமையால் அவர்கள் பங்காளிகள் ஆகிவிடுவதில்லை. சொல்லும் பொருளும் ஸ்காட்லாந்தையே காட்ட, பிரெஞ்சு வழிச் செய்தி ஒரு கிளைக் குடும்பத்தின் நினைவாக மட்டும் நிற்கிறது. பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர் என்பதற்கு அப்பால் இராபர்ட்டு கால்டுவெல்லின் குடிவழியை நீட்டுவதற்கு இச்செய்தி சான்றாகாது.

பிறப்பிடத்தால் நேர்ந்த இழப்பு

கால்டுவெல்லுக்குப் பத்து வயதளவில் குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்தது. முறையான பள்ளிக்கல்வி குறைவு. தாமே கற்றது மிகுதி. பதினைந்தாம் வயதில் மீண்டும் அயர்லாந்து சென்று, டப்ளினில் தமையனோடு தங்கி 1829 முதல் 1833 வரை ஓவியம் பயின்றார். அங்குச் சமய உள்ளம் விழிப்புற்றது. ஓவியத்தைக் கைவிட்டுக் கிளாஸ்கோ திரும்பி, பெற்றோரின் சபையினின்றும் வேறாகிய காங்கிரிகேசனல் சபையில் ஈடுபட்டு, 1834இல் இலண்டன் மிசனரி சங்கத்தில் சேர்ந்தார்.

ஆக்ஸ்போர்டின் பேலியோல் கல்லூரியில் பயில அவருக்கு உதவித்தொகை ஒன்று கிடைத்தது. அவர் அயர்லாந்தில் பிறந்தவர் என்பது தெரியவந்ததும் அது மறுக்கப்பட்டது. ஸ்காட்லாந்து வழியினராய், ஸ்காட்லாந்தில் வளர்ந்து, ஸ்காட்லாந்துச் சபைமரபில் ஊறியவர் பிறப்பிடம் ஒன்றால் அயலாராக்கப்பட்டார். அவர் வாழ்வில் குடிவழி பற்றிய வினா ஏட்டளவில் நில்லாமல் நேரே வந்து தாக்கிய இடம் இது. இந்நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஆக்ஸ்போர்டுக்குச் சென்றிருப்பின் அவர் தமிழ்நாட்டுக்கு வந்திருப்பாரா என்பதே ஐயம். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திலோ கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சாண்ட்போர்டின் பாடங்கள் மொழிகளை ஒப்புநோக்கும் துறையை அவருக்குத் திறந்துவிட்டன.

கடல்வழியும் கால்வழியும்

பட்டம் பெற்ற கால்டுவெல் 1837இல் மேரி ஆன் என்னும் கப்பலில் புறப்பட்டு 1838 சனவரி 8ஆம் நாள் சென்னையை அடைந்தார். அதே கப்பலில் தெலுங்கறிஞர் சி. பி. பிரவுனும் பயணம் செய்தார். மூன்றாண்டு சென்னையில் தமிழ் கற்றபின், 1841இல் சபை மாறி ஆங்கிலத் திருச்சபை சார்ந்த நற்செய்திக் கழகத்தில் இணைந்தார். தென்பாண்டி நாட்டுக்கு நடந்தே சென்றார். தஞ்சை, திருச்சி கடந்து நீலகிரிக்கு ஏறி, உதகையில் தங்கியிருந்த சென்னைப் பேராயர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்றார். பின்னர் மதுரை வழியே நெல்லை சேர்ந்தார். காவிரிக்கரைக்கும் நீலகிரிக்கும் இடைப்பட்ட நிலம் கொங்கு நாடே. மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் எழும் அம்மலையில் வாழும் தோடர், கோத்தர் ஆகியோரின் மொழிகள் பின்னர் அவர் ஒப்பிலக்கணத்தில் திருந்தா மொழிகளின் வரிசையில் இடம்பெற்றன.

1841இன் இறுதியில் இடையன்குடி அவர் ஊராயிற்று. 1844இல் எலைசா மால்ட்டை மணந்தார். நாகர்கோயிலில் பணியாற்றிய மால்ட்டு குடும்பத்தில் பிறந்த எலைசாவுக்குத் தமிழ் இளமை முதல் பழகிய மொழி; கணவர் நூலால் கற்றதை மனைவி செவியால் அறிந்திருந்தார். எலைசாவின் தாயார் மார்த்தா நாகர்கோயிலில் தொடங்கிய சரிகைப் பின்னல் தொழிலை எலைசா இடையன்குடிப் பெண்களுக்குக் கற்பித்தார். இங்கிலாந்தில் அத்தொழிலை வளர்த்தவர் அகதிகளாக வந்த பிளெமிசு, ஹியூகனாட்டு மக்களே என்று கூறும் மரபும் உண்டு. தொழில் கைமாறி வருவதற்குக் குருதி உறவு வேண்டுவதில்லை.

மொழிக்குடும்பமும் மக்கட்குடியும்

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. முதற்பதிப்பில் ஒன்பது மொழிகளும், 1875ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளும் கூறப்பட்டன. தென்மொழிகள் வடமொழியின் கிளை அல்ல என்னும் கருத்தை எல்லிஸ் 1816இலேயே வெளியிட்டிருந்தார் ஆதலின், அந்நூலுக்கும் ஒரு முன்னோர் உண்டு. கால்டுவெல்லின் தனிச்சிறப்பு சான்று கொள்ளும் முறையில் உள்ளது. ஒலியொப்புமை உடைய சொற்கள் கடனாக வந்திருக்கலாம். மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமையுருபு, வினைத்திரிபு ஆகியன அவ்வளவு எளிதில் கடன் பெறப்படுவதில்லை. தமிழிலும் மலையாளத்திலும் நீ என வருவது கன்னடத்தில் நீனு எனவும் தெலுங்கில் நீவு எனவும் நிற்பதைப் போன்ற அமைப்புறவே அவர் உறவை நாட்டப் பயன்படுத்திய அளவுகோல். பெயரொற்றுமையை மட்டும் நம்பி ஒருவருக்குக் குடிவழி கற்பித்தல் தவறு என மேலே கூறியதும் இவ்வளவுகோலின்படியே ஆகும்.

அவ்வளவுகோலை அவரே எல்லாவிடத்தும் கைக்கொண்டாரல்லர். திராவிட மொழிகளைச் சித்திய மொழிகள் எனப்பட்ட வடபுலக் குடும்பத்தோடு இணைக்க முயன்றார். அவ்விணைப்பு பின்வந்த மொழியியலாரால் ஏற்கப்படவில்லை. அதனினும் கடுமையான விளைவைத் தந்தது, ஒப்பிலக்கணத்துக்கு முன்னரே 1849இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார்கள் என்னும் சிறுநூல். தம் சபையில் பெரும்பான்மையினராயிருந்த நாடார் மக்களை இலங்கையின் வடகரையினின்று வந்தேறியவர் என்றும் தாழ்ந்த நிலையினர் என்றும் அந்நூலில் எழுதினார். இங்கிலாந்து வாசகரை நோக்கி எழுதப்பெற்ற அந்நூலை ஆங்கிலங்கற்ற நாடார் இளைஞர்கள் படித்தனர். 1857இல் தனிச்சபை நிறுவிய அருமைநாயகம் சட்டம்பிள்ளை அந்நூலை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர். எதிர்ப்பு ஓராண்டில் ஓயவில்லை, 1880களிலும் தொடர்ந்தது. பிறந்த மண்ணைக் காரணங்காட்டித் தமக்கு ஒரு வாயில் அடைக்கப்பட்டதை அறிந்த ஒருவர், பிற மக்களின் பிறப்பு மண்ணைத் தக்க சான்றின்றி வரையறுத்தார். மொழியாராய்ச்சியில் அவர் காட்டிய எச்சரிக்கை இங்குக் காணப்படவில்லை. அவர் பணியைப் போற்றுவோர் இப்பகுதியை விடுத்துச் செல்வது ஆய்வுக்கு ஏற்றதன்று.

இறுதி ஆண்டுகள்

கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து கண்டவற்றைப் பதிவு செய்தார். 1877இல் பேராயர் ஆனார். 1881இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை வெளியிட்டார். இடையன்குடியில் 1847இல் தொடங்கிய தூய திரித்துவ ஆலயத்தின் கட்டடப் பணி 1880இல்தான் நிறைவெய்தியது. தம் வாழ்வு பற்றி அவர் எழுதி வைத்த நினைவுக்குறிப்புகளை மருமகன் வையாட்டு 1894இல் பதிப்பித்தார்.

1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொறுப்பினின்று விலகிக் கோடைக்கானலில் தங்கிய கால்டுவெல் அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அங்கேயே காலமானார். உடல் மலையினின்று இறக்கப்பட்டு, ஆண்ட்ரிமுக்கோ கிளாஸ்கோவுக்கோ அன்றி இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டது.