தன் கையையே சோதனைக்குக் கொடுத்தவர்

பாரீஸ் நகரில் ஒரு தொழிற்பள்ளியின் பின்புறம் ஒரு பழைய கொட்டகை. ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்கள் பிணங்களை அறுத்துப் பாடம் படித்த இடம். மழை பெய்தால் கண்ணாடிக் கூரை ஒழுகும். அங்கேதான் பியரி கியூரியும் அவருடைய மனைவி மேரியும் ரேடியத்தைப் பிரித்தெடுக்கப் பாடுபட்டார்கள். மேரி கியூரியைத் தெரியாதவர் இல்லை. பியரியைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படுவது இல்லை.

பியரி 1859-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி பிறந்தார். தந்தை டாக்டர். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தார். 21 வயதில், அண்ணன் ஜாக்குடன் சேர்ந்து, சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும் என்று பியரி கண்டுபிடித்தார். இன்றைய குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு அதுவே அடிப்படை.

1882-ல் அந்தத் தொழிற்பள்ளியில் சோதனைக்கூடத் தலைவர் ஆனார். தலைவர் என்பது பெயருக்குத்தான். சம்பளம் மாதம் சுமார் 300 பிராங்க். ஆலையில் கைதேர்ந்த தொழிலாளிக்கும் அந்த அளவு கூலி கிடைத்தது. பதவி உயர்வுக்காக யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அரசாங்கம் விருது தர முன்வந்தபோது, விருது வேண்டாம், நல்ல சோதனைக்கூடம்தான் தேவை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

1895-ல், போலந்தில் இருந்து படிக்க வந்த மேரியை மணந்தார். 1898-ல் பொலோனியம், ரேடியம் என்ற இரண்டு புதிய தனிமங்களைக் கணவனும் மனைவியும் உலகுக்கு அறிவித்தார்கள்.

ரேடியம் தோலைச் சுடுகிறது என்று 1900-ம் ஆண்டில் ஜெர்மனியில் இருந்து செய்தி வந்தது. உண்மையா என்று பார்க்க, பியரி தன் கையிலேயே ரேடியப் பொருளை 10 மணி நேரம் வைத்துக் கட்டிக்கொண்டார். அப்போது வலி எதுவும் தெரியவில்லை. தோல் மட்டும் சிவந்தது. நாள் ஆக ஆகச் சிவப்பு அதிகமாகி, 20-வது நாள் பொருக்குத் தட்டி, புண் ஆயிற்று. 42-வது நாள்தான் ஓரத்தில் புதுத்தோல் வளரத் தொடங்கியது. 52-வது நாளிலும் ஆறாத புண் மிச்சம் இருந்தது. அத்தனையையும், யாரோ ஒரு நோயாளியின் கையைப் பார்ப்பதுபோல, தேதி வாரியாகக் குறித்து வைத்தார். விஞ்ஞானி பெக்கெரலுக்கும் இதே அனுபவம். ரேடியக் குழாயைச் சட்டைப்பையில் வைத்திருந்த இடத்தில் அவருக்குப் புண் வந்தது. இருவரும் சேர்ந்து 1901-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

நல்ல தோலை அழிக்கும் பொருள், கெட்ட கட்டியையும் அழிக்காதா? பாரீஸ் டாக்டர்கள் பியரியிடம் ரேடியத்தை இரவல் வாங்கி, தோல் நோய்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்க்கு ரேடிய சிகிச்சை பிறந்தது இப்படித்தான். பிரித்தெடுக்கும் முறைக்குக் கியூரி தம்பதி காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பணம் கொட்டியிருக்கும்.

1904-ல் இரண்டு டாக்டர்களுடன் சேர்ந்து, ரேடியத்தில் இருந்து வெளிவரும் வாயுவை எலிகளும் கினிப் பன்றிகளும் சுவாசிக்கும்படி செய்தார். சில மணி நேரத்தில் அவை செத்தன. அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் கெட்டிருந்தது.

பின்னாளில், 1945 முதல் 1947 வரை, அமெரிக்காவில் 18 நோயாளிகளின் உடலில் புளூட்டோனியம் ஏற்றப்பட்டது. பெரும்பாலோருக்கு அது என்னவென்றே சொல்லவில்லை. பியரி நீட்டியது சொந்தக் கை. வாயில்லாப் பிராணிகளின் சம்மதத்தை அவரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவு பார்த்தவர் தன் உடம்பைக் கவனித்தாரா? விரல் நுனிகள் தடித்து வலித்தன. கால் வலியால் இரவில் தூக்கம் கெட்டது. வாதநோய் என்றே நினைத்தார்கள். ரேடியம்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். 1903-ல் நோபல் பரிசு கிடைத்தும், 1905-ல்தான் சுவீடன் போக முடிந்தது. ரேடியம் கெட்டவர் கையில் சிக்கினால் ஆபத்து என்று அங்கே பேசிய உரையில் எச்சரித்தார்.

1906-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி. பாரீசில் மழை. தெருவைக் கடந்தபோது பாரம் ஏற்றிய குதிரை வண்டி மோதிக் கீழே விழுந்தார். சக்கரம் தலையில் ஏறியது. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. வயது 46. அவர் வகித்த பேராசிரியர் பொறுப்பு மேரிக்குக் கொடுக்கப்பட்டது. ரத்தம் ஊறாத நோயால் 1934-ல் மேரியும் மறைந்தார்.

கியூரி தம்பதி குறிப்பு எழுதிய நோட்டுகள் பாரீஸ் தேசிய நூலகத்தில் ஈயப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ரேடியக் கதிர் இன்னும் அடங்கவில்லை.