எலியாஸ் மாக்னஸ் ஃப்ரீஸ்

எலியாஸ் மாக்னஸ் ஃப்ரீஸ் (ஆகஸ்ட் 15, 1794 – பெப்ரவரி 8, 1878) சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர். பூஞ்சைகளை முறைப்படி வகைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். பெர்சூனுடன் இவரும் பூஞ்சையியலின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமை

ஃப்ரீஸ் தென் சுவீடனின் ஸ்மோலாண்ட் மாகாணத்தில் உள்ள ஃபெம்ஷோ என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடைய தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் குரு ஆவார். அவரிடமே ஃப்ரீஸ் செடிகளைப் பற்றியும் இலத்தீன் மொழியையும் கற்றார். 1806 ஆம் ஆண்டில், தாயுடன் ஸ்ட்ராபெரி பறிக்கக் காட்டுக்குச் சென்றபோது பவளம் போலக் கிளைத்த வெண்ணிறக் காளான் ஒன்றைக் கண்டார். இன்று ஹெரிசியம் கோரலாய்டிஸ் எனப்படும் இக்காளான், பீச் முதலான அகன்ற இலை மரங்களின் பட்டுப்போன தண்டுகளில் வளர்வது. இதன் கிளைகளிலிருந்து சிறு பற்கள் கீழ்நோக்கித் தொங்கும். இக்காளானே ஃப்ரீஸைப் பூஞ்சைகளின்பால் ஈர்த்தது. 1811 இல் பள்ளிப்படிப்பை முடிக்கும் முன்பே 300 முதல் 400 வரையான இனங்களை இவர் வேறுபடுத்தி அறிந்து, தாமே தற்காலிகப் பெயர்களும் இட்டிருந்தார்.

கல்வியும் பணியும்

1811 இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1814 இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே தாவரவியல் கற்பித்தார். 1834 இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1847 இல் சுவீடிய அக்காதமியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வகைப்படுத்தும் முறை

இவருடைய முதன்மை நூலான சிஸ்டெமா மைக்கோலாஜிக்கம் 1821 முதல் 1832 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. காளானின் வித்திகள் தோன்றும் பகுதி செவுளா, துளையா, பல்லா என்பதை இவர் முதலில் நோக்கினார். செவுள் உடைய காளான்களை வித்திகளின் நிறத்தைக் கொண்டு பிரித்தார். காளானின் குடையை வெட்டித் தாளின் மேல் கவிழ்த்து வைத்தால் சில மணி நேரத்தில் வித்திகள் உதிர்ந்து அந்நிறத்தைக் காட்டும்.

வெண்காளான்களை அடையாளம் காண இம்முறை பெரிதும் உதவுகிறது. காடுகளில் வளரும் அமானிட்டா விரோசா என்னும் கொடிய நச்சுக் காளானுக்கு விரோசா என்னும் இனப்பெயரை இட்டவர் ஃப்ரீஸே. முழுவதும் வெண்மையான இது, வட ஐரோப்பாவில் ஸ்புரூஸ், பேர்ச், பீச் மரங்களின் வேர்களுடன் கூட்டுறவு கொண்டு ஈரமான அமில மண்ணில் வளர்கிறது. புல்வெளிகளில் வளரும் உண்ணத்தக்க வயற்காளானும் வெண்ணிறக் குடை உடையது. ஆனால் வயற்காளானின் செவுள்கள் முதலில் இளஞ்சிவப்பாக இருந்து, பின்னர் அடர்பழுப்பாக மாறும். வித்திகளும் அடர்பழுப்பு நிறமானவை. அமானிட்டா விரோசாவின் செவுள்களும் வித்திகளும் வெண்மையாகவே இருக்கும். அதன் காம்பின் அடியில் பை போன்ற உறை உண்டு. இவ்வுறை மண்ணுள் மறைந்திருப்பதால், காம்பை ஒடித்து எடுப்பவர் அதனைக் காணத் தவறுவர். இந்நச்சு கல்லீரலை அழிக்கிறது. உண்டு பல மணி நேரம் கழிந்த பின்னரே அறிகுறிகள் தோன்றுவதால் சிகிச்சை தாமதமாகிறது. நிறத்தை மட்டும் கொண்டு ஒரு காளானை உண்ணத்தக்கது எனக் கொள்ளக்கூடாது என்பதற்கு இவ்விரண்டும் தக்க சான்றாகும். 1860களில் ஃப்ரீஸ், சுவீடனின் உண்ணத்தக்க காளான்களையும் நச்சுக் காளான்களையும் பற்றிப் படங்களுடன் கூடிய நூலொன்றை வெளியிட்டார்.

மதிப்பீடு

வெறுங்கண்ணால் காணத்தக்க பண்புகளையே ஃப்ரீஸ் பெரிதும் நம்பினார். எனவே உருவில் ஒத்த, ஆனால் உறவில் தொலைவான இனங்கள் அவருடைய முறையில் ஒன்று சேர்ந்தன. பற்கள் உடைய ஹெரிசியம், செவுள்கள் உடைய ருசுலாவுக்கு நெருங்கிய உறவு என்பதைப் பிற்கால டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டின. எனினும் காளான்களைக் களத்தில் இனங்காண அவர் வகுத்த பண்புகள் இன்றும் பயன்படுகின்றன. பெரும்பாலான பூஞ்சைகளின் அறிவியற் பெயர்களுக்கு அவருடைய 1821 ஆம் ஆண்டு நூலே 1981 வரை தொடக்கநிலையாக இருந்தது. அவர் 1878 இல் உப்சாலாவில் காலமானார். மகன் தியோடர் மாக்னஸ் ஃப்ரீஸ் லைக்கன் ஆய்வில் புகழ்பெற்றார்.