சார்லட் பிராண்டி அம்மையாரும் அவர்தம் முதல் நூலும்

நூலொன்றை எழுதி முடித்தல் ஒருவகை உழைப்பு. அதனை அச்சேற்றி, முன்பின் அறியாதாரும் விலை கொடுத்து வாங்குமாறு செய்தல் வேறொருவகை உழைப்பு. முன்னதில் வல்லவர் பலர் பின்னதில் இடர்ப்பட்டுத் தளர்ந்து எழுதுகோலையே கீழே வைத்துவிடுகின்றனர். ஆங்கில நாவலாசிரியருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படும் சார்லட் பிராண்டி அம்மையாரின் முதல் நூல் ஓராண்டுக் காலத்தில் இரண்டே பிரதிகள் விலையாயிற்று. அந்நிலையை அவ்வம்மையார் எங்ஙனம் எதிர்கொண்டார் என்பது நம் இளைஞர் அறியத்தக்கதொன்றாதலின், அவர் வரலாற்றில் அப்பகுதியைச் சிறிது விரித்து ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இளமை

சார்லட் 1816-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் யார்க்ஷயர்ப் பகுதியிலுள்ள தார்ன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பாட்ரிக் பிராண்டி, அயர்லாந்து தேயத்தில் எளிய குடியில் தோன்றித் தம் கல்வியால் உயர்ந்து கிறிஸ்தவ குருவானவர். 1820-இல் அவர் ஹாவர்த் என்னும் மேட்டு நிலத்தூருக்குக் குருவாக அமர்ந்தார். அடுத்த ஆண்டே மனைவியார் உயிர் நீத்தார். 1825-இல் மூத்த பெண்மக்கள் இருவரும், தங்கிப் படித்த பள்ளியில் நோயுற்று, வீடு திரும்பி மாண்டனர். எஞ்சியவர் சார்லட், தம்பி பிரான்வெல், தங்கையர் எமிலி, ஆன் ஆகிய நால்வரே. அன்னையின் தமக்கையார் உடனிருந்து இவர்களை வளர்த்தார்.

இந்நால்வரும் சிறுவராயிருந்தபோதே கற்பனை நாடுகளைப் படைத்து, அவற்றின் சரித்திரங்களை உள்ளங்கையளவு தாள்களில், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணெழுத்தில் எழுதித் தைத்துப் புத்தகமாக்கி மகிழ்ந்தனர். எழுத்தின் மீதிருந்த இவ்வேட்கை வயதேற ஏற வளர்ந்தது. 1836-ஆம் ஆண்டு டிசம்பரில், தம் இருபதாம் பிராயத்தில், சார்லட் தம் செய்யுட்கள் சிலவற்றை அந்நாளைய அரசவைக் கவிஞராகிய சதே என்பாருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். மூன்று மாதம் கழித்து வந்த விடை, ஆற்றல் உண்டென்பதை ஒப்புக்கொண்டதேனும், இலக்கியம் பெண்ணொருத்திக்கு வாழ்க்கைத் தொழிலாகாது என்று அறிவுறுத்தியது. சார்லட் அதனைப் பணிவுடன் ஏற்றுப் போற்றி வைத்தார். ஆனால் எழுதுவதை விட்டாரில்லை.

வறுமையும் முயற்சியும்

தந்தையாரின் வருவாய் குறைவு. ஆதலின் சகோதரிகள் செல்வர் இல்லங்களில் குழந்தைகட்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியைகளாக ஊழியம் செய்ய நேர்ந்தது. 1841-இல் ஓரில்லத்தில் சார்லட் ஓராண்டிற்குப் பெற்ற சம்பளம் 20 பவுன். அதிலும் சலவைக் கூலிக்கென்று 4 பவுன் பிடித்துக்கொள்ளப்பட்டது. இவ்வடிமைத்தனத்தினின்று விடுபட எண்ணி, 1844-இல் தம் வீட்டிலேயே பெண் பள்ளியொன்று நடத்தக் கருதி, விளம்பரத் தாள்கள் அச்சிட்டு நண்பர் வாயிலாகப் பரப்பினர். ஒரு மாணவியும் வந்து சேரவில்லை. இதற்கிடையே தம்பி பிரான்வெல் குடிப்பழக்கத்திற்கு ஆட்பட்டுக் குடும்பத்திற்குத் தீராத் துயரமானார். தந்தையாரின் கண்ணொளியும் நாளுக்குநாள் மங்கியது.

முதல் நூல்

இந்நிலையில் 1845-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் எமிலியின் செய்யுள் ஏடு சார்லட்டின் கண்ணிற்பட்டது. அச்செய்யுட்கள் சாமானியமானவை அல்ல என்று அவர் உடனே தெளிந்தார். தம் அந்தரங்கத்தைப் பிறர் கண்டாரே என்று சினந்த எமிலியை இணங்குவிக்கப் பன்னாட்கள் சென்றன. ஆனும் தம் செய்யுட்களைத் தாமே கொணர்ந்து தந்தார். எமிலி, ஆன் என்பாருடையன தனித்தனி 21, சார்லட்டுடையன 19, ஆக 61 செய்யுட்கள் தொகுக்கப்பட்டன. பெண்பாலார் எழுதியதென்றால் திறனாய்வாளர் நடுநிலை பிறழ்வர் என்றஞ்சி, ஆணென்றும் பெண்ணென்றும் துணிதற்கியலாத கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்னும் பெயர்களைப் புனைந்துகொண்டனர். தந்தையாருக்கும் இச்செய்தி அறிவிக்கப்படவில்லை.

பல பதிப்பாளருக்கு எழுதியும் பயன் காணாது, முடிவில் லண்டனில் எய்லட் ஜோன்ஸ் என்னும் சிறு புத்தக வணிகருக்கு 1846 ஜனவரியில் சார்லட் எழுதினார். சமய நூல்களையே மிகுதியாக வெளியிட்டு வந்த அவ்வணிகர், செலவு முழுதும் ஆசிரியரே ஏற்பதாயின் அச்சிடுவதாக இசைந்தனர். செலவு 31 பவுன் 10 ஷில்லிங்; பின்னர் இன்னும் 5 பவுன். அஃதாவது சார்லட் முன்னர் ஆசிரியையாக ஓராண்டு முழுதும் உழைத்துப் பெற்ற சம்பளத்தினும் மிக்கது. 1842-இல் இறந்த பெரியன்னையார் இம்மூவருக்கும் விட்டுச்சென்ற சிறு பொருளே இதற்கு முதலாயிற்று.

பணத்தை அனுப்பிவிட்டு வாளாவிருந்தவரல்லர் சார்லட். அச்சுக்குப் பிரதி ஆயத்தஞ் செய்யும் முறைகளைக் கூறும் சிறு கையேடொன்றை வாங்கிப் பயின்றார். எழுத்தின் அளவு, தாளின் தரம், நூலின் வடிவம் ஆகியவற்றைக் குறித்துப் பதிப்பாளருக்குத் தெளிவாக எழுதினார். எந்தெந்தப் பத்திரிகைகட்கு மதிப்புரைப் பிரதி அனுப்பவேண்டும் என்பதற்கும் ஒரு பட்டியல் வகுத்தனுப்பினார். விளம்பரத்திற்கு முதலில் 2 பவுனுக்கு மேற் செலவிடவேண்டாமென்று வரையறுத்தார். ஒரு நூலின் வெற்றி விளம்பரத்தினும் மதிப்புரைகளையே பற்றி நிற்பதென்பது அவர் கொள்கை.

1846 மே மாதம் நூல் வெளிவந்தது. பக்கம் 165; விலை 4 ஷில்லிங்; அச்சிட்டவை ஏறத்தாழ ஆயிரம். ஜூலை 4-ஆம் நாள் கிரிட்டிக், அதீனியம் என்னும் இரு பத்திரிகைகளில் மதிப்புரைகள் தோன்றின. கிரிட்டிக் மனமுவந்து பாராட்டியது. அதீனியம் எமிலியின் செய்யுட்களைச் சிறப்பித்தது. ஊக்கமுற்ற சகோதரிகள் மேலும் 10 பவுன் விளம்பரத்திற்கு ஒதுக்கக் கருதினர். ஆனால் காலம் ஏற்றதன்று என்று பதிப்பாளர் கூறவே, அவ்வுரையை ஏற்று அச்செலவை நிறுத்திக்கொண்டனர்.

இவ்வளவு செய்தும் ஓராண்டில் விற்றவை இரண்டே பிரதிகள்! நூலைக் கண்ணுற்ற வார்விக் நகரத்து அன்பரொருவர் மூவரின் கையொப்பம் வேண்டி எழுதியது ஒன்றே ஆறுதல். 1847 ஜூனில் சார்லட், விலையாகாப் பிரதிகள் பழந்தாள் வணிகரிடம் போய்ச் சேருமுன், வேர்ட்ஸ்வொர்த், டென்னிசன், டி குவின்சி முதலிய பெரும் புலவர்கட்கு அவற்றில் ஒவ்வொன்றை அனுப்பினார். உடன் வைத்த கடிதத்தில், விற்றவை இரண்டென்பதை மறையாது நகைச்சுவையோடு கூறி, அவர் நூல்களால் தாம் பெற்ற இன்பத்திற்குக் கைம்மாறாக இதனை ஏற்குமாறு வேண்டினார். பாராட்டுரை இரந்தாரில்லை.

தளராத உள்ளம்

செய்யுள் நூல் அச்சிலிருந்தபோதே மூவரும் ஆளுக்கொரு கதை எழுதத் தொடங்கியிருந்தனர். எமிலி எழுதியது உதரிங் ஹைட்ஸ். ஆன் எழுதியது ஆக்னஸ் கிரே. சார்லட் எழுதியது புரொபசர். 1846 ஆகஸ்டில் தந்தையாருக்குக் கண் சிகிச்சை செய்விக்கச் சார்லட் மான்செஸ்டர் நகருக்கு உடன் சென்றார். சிகிச்சை நடந்த அந்நாளிலேயே புரொபசர் கதை மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. இருட்டறையில் தந்தை கிடக்க, அயலூரில் விடுதியொன்றில், பல்வலியும் வருத்த, அந்நாட்களிலேயே அவர் ஜேன் அயர் என்னும் புதுக்கதையைத் தொடங்கினார் என்பது நாம் வியக்கத்தக்கது.

புரொபசர் ஒருவர்பின் ஒருவராகப் பதிப்பாளர் பலரிடம் சென்று மீண்டது. சிக்கனங் கருதிய சார்லட், முன்னைப் பதிப்பாளரின் பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டு, அதே உறையிலேயே அடுத்தவர் பெயரை எழுதியனுப்புவார். இங்ஙனம் பலரும் தள்ளிய அடையாளங்களைச் சுமந்து அக்கட்டு லண்டனில் ஸ்மித் எல்டர் கம்பெனியாரிடம் சேர்ந்தது. அவர்களும் மறுத்தனர், ஆயினும் கதையின் குணங்குற்றங்களை மரியாதையோடு ஆராய்ந்து, மூன்று பாகங்களாக விரிந்த கதையொன்றிருப்பின் கருத்தோடு பார்ப்பதாக எழுதினர். அறிவுடையார் மறுப்பு ஏனையோர் ஏற்பினும் இனிதாகும் என்பதைச் சார்லட் அன்றுணர்ந்தார்.

முடியுந்தறுவாயிலிருந்த ஜேன் அயரை நிறைவாக்கி, 1847 ஆகஸ்டு 24-ஆம் நாள் ரயில் மூலம் அனுப்பினார். கம்பெனித் தலைவரான ஜார்ஜ் ஸ்மித், இருபத்துமூன்று வயதினர், ஒரு ஞாயிறு காலையில் அதனைக் கையிலெடுத்தவர், நண்பரோடு குதிரையேறிச் செல்லவிருந்ததையும் விடுத்து, இரவு துயில்வதற்குள் முழுதும் படித்து முடித்தார். நூறு பவுன் தருவதாக ஒப்பி, அக்டோபரிலேயே வெளியிட்டார்; பின்னர் அத்தொகை 500 பவுனாக உயர்ந்தது. புகழ்பெற்ற நாவலாசிரியர் தாக்கரேக்கு ஒரு பிரதி அனுப்பப்பட, அவர் மனமுருகிப் பாராட்டினார். 1848 ஜனவரியில் இரண்டாம் பதிப்பும் ஏப்ரலில் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன.

தங்கையர் கதைகட்கோ நியூபி என்னும் பதிப்பாளர் 50 பவுன் முன்பணம் பெற்றிருந்தும் காலந் தாழ்த்தி வந்தார். ஜேன் அயர் புகழ்பெற்ற பின்னரே, 1847 டிசம்பரில், அவற்றை வெளியிட்டார். மூன்று பெல்லும் ஒருவரே என்று அவர் பரப்பிய பொய்யை மறுக்க, 1848 ஜூலையில் சார்லட்டும் ஆனும் இரவு ரயிலேறி லண்டன் சென்று ஜார்ஜ் ஸ்மித்தின் முன் நின்றனர். கரர் பெல்லுக்கு அவர் எழுதிய கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தபோதுதான், மெலிந்து குறுகிய தோற்றமுடைய அப்பெண்மணியே அந்நூலாசிரியர் என்பதை அவர் அறிந்தார். அவ்வாண்டிலேயே, பழைய செய்யுள் நூலில் எஞ்சிக் கிடந்த 961 பிரதிகளையும் அக்கம்பெனியார் விலைக்கு வாங்கிப் புதுமுகப்புடன் வெளியிட்டனர்.

இறுதிக் காலம்

புகழ் வந்த வீட்டில் இன்பம் நிலைக்கவில்லை. 1848 செப்டம்பரில் பிரான்வெல்லும், டிசம்பரில் எமிலியும், 1849 மே மாதத்தில் ஆனும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். தனித்து நின்ற சார்லட், 1850-இல் தங்கையரின் கதைகளை மீண்டும் பதிப்பித்து, அவர்கள் யாரென்பதை முன்னுரையில் உலகிற்கு உரைத்தார். 1854-இல் நிக்கல்ஸ் என்பாரை மணந்து, 1855 மார்ச் 31-ஆம் நாள், முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். பலராலும் தள்ளப்பட்ட புரொபசர் 1857-இல் அச்சேறியது.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கன சில உள. முதல் நூலுக்குப் பொருள் செலவிடுவோர் தம் அளவறிந்து செலவிடுக. அச்சுத்தொழிலின் இயல்பைத் தாமே பயில்க. மதிப்புரைக்குரியார் யாவர் என்பதை ஆய்ந்து, அவர் கையில் நூலைச் சேர்க்க. பயன் விளையாதபோது, விற்காத நூலின் பக்கத்தமர்ந்து அழுதுகொண்டிராமல் அடுத்த நூலைத் தொடங்குக. அன்று விற்ற அவ்விரு பிரதிகளைக் கண்டு சார்லட் அம்மையார் எழுதுகோலை வைத்திருப்பாராயின், ஜேன் அயர் பிறந்திராது. அவருடைய தங்கையரின் செய்யுட்களும் பழந்தாளாய்ப் போயிருக்கும்.