இரவல் மேடையில் நேதாஜி

கெடா தோட்டப்புறங்களில் நம் தாத்தா பாட்டிமார் வாழ்ந்த பல வீடுகளில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் மாட்டியிருக்கும். வட்ட மூக்குக்கண்ணாடி, இராணுவ உடை, நிமிர்ந்த பார்வை. அவர்தான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். அவர் தமிழர் அல்லர், மலாயாவில் பிறந்தவரும் அல்லர். ஆனாலும் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவராகவே நினைத்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் அனைத்துலக உறவுகள் பயிலும் எனக்கு, ‘மென்சக்தி’ பற்றிய விரிவுரையின்போது நேதாஜியின் நினைவுதான் வந்தது. ஒரு நாடு படையாலும் பணத்தாலும் மிரட்டாமல், தன் பண்பாடு, கொள்கை, பேச்சு ஆகியவற்றால் பிறரைக் கவர்ந்து தன் பக்கம் இழுப்பதே மென்சக்தி. இந்தச் சொல்லை அமெரிக்க அறிஞர் ஜோசப் நை 1990இல் அறிமுகப்படுத்தினார். ஆனால் சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த வித்தை நம் கெடா மண்ணில் அரங்கேறிவிட்டது. அதன் நடுவில் வாழ்ந்தவர் நேதாஜி.

அவர் 1897 ஜனவரி 23ஆம் நாள் ஒடிசாவின் கட்டாக் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். இங்கிலாந்து சென்று, இளைஞர்கள் ஏங்கிய ஐ.சி.எஸ். தேர்வில் 1920இல் தேறினார். மறு ஆண்டே அந்தப் பதவியைத் துறந்து விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். பலமுறை சிறை சென்றார். 1938இலும் 1939இலும் காங்கிரஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காந்தியடிகளோடு கருத்து வேறுபாடு முற்றியதால் பதவி விலகினார். வீட்டுக் காவலில் இருந்தவர், 1941 ஜனவரியில் மாறுவேடத்தில் கல்கத்தாவிலிருந்து தப்பி, காபூல் வழியாக பெர்லின் சேர்ந்தார்.

ஹிட்லரின் ஜெர்மனி அவரை வரவேற்றது. அலுவலகம், பணம், வானொலி நிலையம் எல்லாம் கிடைத்தன. ஆசாத் ஹிந்த் வானொலி தமிழ் உட்படப் பல மொழிகளில் ஒலிபரப்பியது. பிரிட்டிஷ் படையிலிருந்து ஜெர்மனியிடம் பிடிபட்ட இந்தியர்களைக் கொண்டு ஒரு படையணியும் உருவானது. ஆனால் நேதாஜி உண்மையில் கேட்டது வேறு. இந்திய விடுதலையை ஆதரித்து ஜெர்மனி வெளிப்படையாக ஓர் அறிவிப்பு செய்ய வேண்டும் என்பதே அவரது கோரிக்கை. 1942 மே மாதம் ஹிட்லரை நேரில் சந்தித்தும் அந்த அறிவிப்பு கிடைக்கவில்லை. பேசுவதற்கு ஒலிவாங்கி கொடுத்தவர்கள் வாக்குறுதியை மட்டும் கொடுக்க மறுத்தார்கள்.

இதற்கிடையில் கெடாவில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை சிங்கோரா, பட்டானி, கோத்தா பாரு கரைகளில் இறங்கியது. சில நாள்களில் ஜித்ராவில் பிரிட்டிஷ் தற்காப்பு சிதறியது. அங்கே தோற்று, காட்டில் அலைந்த கேப்டன் மோகன் சிங் என்ற பஞ்சாப் படைப்பிரிவு அதிகாரி, அலோர் ஸ்டார் அருகே ஜப்பானியரிடம் சரணடைந்தார். அவரைச் சந்தித்தவர் ஜப்பானிய உளவுத்துறையின் மேஜர் புஜிவாரா. கூடவே ஞானி பிரீத்தம் சிங் என்ற இந்தியத் தேசியவாதியும் வந்திருந்தார்.

புஜிவாரா இந்தியக் கைதிகளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அலோர் ஸ்டார் நகரில் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பையே மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். பிறகு ஒரு மதிய விருந்து வைத்தார். இந்தியச் சமையல். ஜப்பானிய அதிகாரிகளும் இந்தியச் சிப்பாய்களும் ஒன்றாக அமர்ந்து உண்டார்கள். பிரிட்டிஷ் படையில் வெள்ளை அதிகாரி இந்தியச் சிப்பாயுடன் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை. மலாயாவில் இருந்த பல கிளப்புகளுக்குள் இந்திய அதிகாரிகளுக்கே இடமில்லை. அந்த ஒரு வேளைச் சோறு பல துண்டறிக்கைகள் செய்யாததைச் செய்தது. இந்திய தேசிய இராணுவத்தின் விதை அப்படித்தான் நம் மாநிலத்தில் விழுந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், பேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியக் கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் பலர் மோகன் சிங்கின் படையில் சேர்ந்தனர். ஆனால் அந்த உறவு ஓராண்டுகூட நீடிக்கவில்லை. இது இந்தியர்களின் படையா, ஜப்பானின் கருவியா என்று மோகன் சிங் கேள்வி கேட்டார். 1942 டிசம்பரில் ஜப்பானியர் அவரைக் கைது செய்தனர். விருந்து வைத்த கையே விலங்கும் மாட்டியது.

கலைந்த படைக்கு உயிர் கொடுக்க ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது. 1943 பிப்ரவரியில் நேதாஜி ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். ஜூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்தார். இரண்டு நாள் கழித்து இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார்.

தோட்டத் தமிழர்கள் அலையாகத் திரண்டார்கள். ஏன்? போர் வந்ததும் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விட்டுத் தெற்கே ஓடிவிட்டார்கள். ரப்பருக்குச் சந்தை இல்லை, சம்பளமும் அரிசியும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் ‘கூலி’ என்றே அழைக்கப்பட்டவர்களை நேதாஜி வீரர்கள் என்று அழைத்தார். பால்மரம் சீவிய பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். சிங்கப்பூரில் செட்டியார் கோயிலுக்கு அழைக்கப்பட்டபோது, எல்லாச் சாதி, மதத்தவரையும் உள்ளே விட்டால்தான் வருவேன் என்று அவர் நிபந்தனை போட்டார். கோயில் ஒப்புக்கொண்டது. இந்த மரியாதை ஜப்பான் கொடுத்ததன்று, நேதாஜி கொடுத்தது. ஜப்பானின் பிரச்சாரத்துக்கு எட்டாத இதயங்களை அவரால் எட்ட முடிந்ததற்கு அதுவே காரணம்.

இனி 1943 அக்டோபர் மாதத்தைக் கூர்ந்து பார்ப்போம்.

அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அதற்கு மூன்று நாள் முன்பு, 18ஆம் நாள், ஜப்பான் நம் கெடாவைப் பெர்லிஸ், கிளந்தான், திரங்கானுவோடு சேர்த்துத் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. நட்பு நாட்டுக்கு அன்பளிப்பு! கெடா மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே மாத நடுவில்தான் 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அதைப் போட்டவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டத் தமிழர்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், வலுக்கட்டாயமாகப் பிடித்தும் ரயிலேற்றப்பட்டவர்கள். காலராவும் பசியும் அடியும் அவர்களைத் தின்றன. திரும்பி வராதவர்களுக்குக் கணக்கே சரியாக இல்லை.

ஒரே மாதம், ஒரே வல்லரசு. ஆசியா ஆசியர்களுக்கே என்ற முழக்கம் ஒரு பக்கம், ஆசியத் தொழிலாளியின் பிணம் மறுபக்கம்.

நேதாஜிக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? அவர் ஏமாளி அல்லர். ஜப்பானிடம் சமமான கூட்டாளியாக நடத்தப்பட வேண்டும் என்று தொடர்ந்து வற்புறுத்தியவர். பகைவனின் பகைவனிடம் உதவி வாங்குவது தவறில்லை என்பது அவர் கணக்கு. ஆனால் இரவல் மேடைக்கு ஒரு விலை உண்டு. 1943 டிசம்பர் இறுதியில் அவர் அந்தமான் சென்று போர்ட் பிளேரில் இந்தியக் கொடியை ஏற்றினார். அதே வேளையில் அங்குள்ள இந்தியச் சுதந்திரச் சங்கத் தலைவரான மருத்துவர் திவான் சிங், ஜப்பானியரின் சித்திரவதையில் சிறைக்குள் கிடந்தார். நேதாஜியின் வருகையாலும் அவருக்கு விடிவு பிறக்கவில்லை. இரண்டு வாரத்தில் இறந்துபோனார். கொடி ஏற்ற இடம் தந்தவர்கள் சிறைக் கதவைத் திறக்கவில்லை. இதை மறைத்துவிட்டு நேதாஜியைப் போற்றுவது அவருக்கும் அழகன்று, நமக்கும் அழகன்று.

1944இல் இம்பால் போர் மழையிலும் பட்டினியிலும் தோல்வியில் முடிந்தது. ஜப்பான் சரணடைந்த சில நாள்களில், 1945 ஆகஸ்ட் 18ஆம் நாள், தைவானில் நடந்த விமான விபத்தில் நேதாஜி இறந்ததாக அறிவிக்கப்பட்டது. அவருக்கு வயது 48.

கதை அங்கே முடியவில்லை. ஜப்பான் தன் தேவைக்காக ஊதிய நெருப்பு ஜப்பான் போன பிறகும் அணையவில்லை. டில்லி செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள் மீது நடந்த வழக்கு இந்தியாவையே கொதிக்க வைத்தது. கெடாவில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இராணுவ அணிவகுப்பைப் போலவே பயிற்சி எடுத்த தொழிலாளர்கள், 1947இல் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். போலீசாரோடு மோதல் வந்தது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. துரைக்கு முன் குனிந்த முதுகுகள் நிமிர்ந்துவிட்டன. அந்த நிமிர்வை எந்த வல்லரசாலும் திருப்பி வாங்க முடியவில்லை.

இன்று நம்மைக் கவர வருபவை வானொலியும் துண்டறிக்கையும் அல்ல. உபகாரச் சம்பளம், மொழி வகுப்பு, மாணவர் பரிமாற்றம், கைப்பேசியில் ஓடும் காணொளி என்று பல வடிவங்கள். கோலாலம்பூரில் சீன மொழி கற்பிக்கும் கன்பூசியஸ் கழகம் உண்டு. இந்திய அரசின் பண்பாட்டு மையமும் உண்டு. 2015 முதல் அது நேதாஜியின் பெயரையே தாங்கி நிற்கிறது. இவற்றில் சேருவதோ பயன் பெறுவதோ குற்றமில்லை. படிப்பு எங்கிருந்து வந்தாலும் படிப்புதான்.

மாணவ நண்பர்களே, ஒரு நாடு நமக்கு விருந்து வைக்கும்போது நன்றி சொல்லி உண்போம். அதே நேரத்தில், அந்த நாட்டின் கைக்குள் இருக்கும் எளிய மனிதர்களை அது எப்படி நடத்துகிறது என்றும் தேடிப் படிப்போம். 1941இல் அலோர் ஸ்டாரில் பரிமாறிய அதே ஆட்சிதான் 1943இல் ரயில் பாதை போட்டது. கெடா தோட்டங்களில் பல குடும்பங்கள் இரண்டையும் பார்த்தன. அவர்களில் இன்னும் நினைவோடு இருக்கும் பெரியவர்கள் மிகச் சிலரே. உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் இந்த விடுமுறையிலேயே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.