முப்பது ரூபாய் குமாஸ்தா கண்ட எண் உறவு

கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் டிக்கெட் ஜன்னலில் போகிற இடத்தைச் சொன்னால், சாதாரண வண்டியில் இரண்டாம் வகுப்புக்குக் கட்டணம் ஒன்றுதான்; இரண்டு விடை கிடையாது. ஆனால் கட்டணத்தை மட்டும் சொன்னால் இடம் எதுவென்று தெரியாது. ஒரே காசுக்குப் பல ஸ்டேஷன்கள் உண்டல்லவா? இரண்டுமே உறவுகள்தாம். ஒன்றைக் கொடுத்தால் ஒரே விடை வரும் முதல் வகை உறவைக் கணிதத்தில் சார்பு என்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை மிரட்டும் இந்தச் சார்பில் மூழ்கிக் கிடந்தவர் சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் துணிக்கடைக் குமாஸ்தா. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாததால் கல்லூரிப் படிப்பு நின்றது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே கப்பலேறினார்.

அங்கே அவரை ஆட்கொண்ட சார்பு ஒன்று உண்டு. 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். 5க்கு ஏழு. 10க்கு நாற்பத்திரண்டு. 100க்கோ 19,05,69,292! எந்த எண்ணுக்கும் விடை ஒன்றே. ஆனால் எழுதி எண்ணிப் பார்த்து முடிகிற காரியமா? ஹார்டியும் அவரும் 1918இல் வெளியிட்ட சூத்திரத்தில் கணக்கிட்டு, அருகிலுள்ள முழு எண்ணை எடுத்தால் சரியான விடை வந்தது. மக்மேகன் என்ற கணித அறிஞர் 200 வரை கையால் போட்டு வைத்திருந்த பட்டியலோடு அது ஒத்துப்போயிற்று.

அந்தப் பட்டியலில் இராமானுஜன் கண்ணுக்கு இன்னொன்றும் பட்டது. 4 அல்லது 9இல் முடியும் எண்களின் விடைகள் யாவும் ஐந்தால் மீதியின்றி வகுபடும். 4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135. பட்டியல் எல்லார் முன்னும்தான் இருந்தது. எக்காலத்துக்கும் அது பொருந்தும் என்று நிரூபித்தவர் அவரே.

1919 மார்ச் 27இல் நோயாளியாகப் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினார். தாயாரும் தம்பியும் வந்திருந்தார்கள். மனைவி ஜானகி இல்லை. 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் காலமானபோது வயது முப்பத்திரண்டு. ஜானகி அம்மாள் பின்னர் பம்பாயில் சகோதரர் வீட்டில் சில ஆண்டுகள் இருந்து தையல் கற்றார். சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்தார். 1994 வரை வாழ்ந்தார்.