பாசறையும் இல்லமும்: காஜி நஸ்ருல் இஸ்லாம்

முல்லைத் திணையைக் கற்பிக்கும்போதெல்லாம் வங்கக் கவிஞர் ஒருவர் என் நினைவுக்கு வருவதுண்டு. பாசறையில் தலைவன், இல்லத்தில் ஆற்றியிருக்கும் தலைவி என்னும் இரு முனைகளுக்கு நடுவே அமைவது முல்லை. வினை முடிந்ததும் தலைவன் மீள்வான் என்பதே அத்திணையின் நம்பிக்கை. காஜி நஸ்ருல் இஸ்லாமின் வாழ்விலும் பாசறை உண்டு, இல்லம் உண்டு, ஆற்றியிருந்த மனைவியும் உண்டு. ஆனால் அங்கே பிரிவு பாசறையில் நேரவில்லை. ஒரே கூரையின் கீழ் நேர்ந்தது. கலகக் கவிஞர் என்னும் பட்டத்தோடு அவரை அறிந்து அமைவது நம் வழக்கம். படைவீரராகவும் கணவராகவும் தந்தையாகவும் அவர் வாழ்ந்த வாழ்வை, கவிஞர்கள் கூடியுள்ள நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நினைவுகூர்வது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

ஆசன்சோலுக்கு அருகிலுள்ள சுருலியா என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு மே மாதம் அவர் பிறந்தார். தந்தை ஊர்ப் பள்ளிவாசலிலும் அதனை அடுத்த அடக்கத்தலத்திலும் பணிபுரிந்தவர். பிள்ளையை வீட்டார் அழைத்த செல்லப்பெயர் துக்கு மியா. துயரத்தைக் குறிக்கும் அப்பெயருக்கு ஏற்பவே இளமை அமைந்தது. 1908இல் தந்தை இறந்தார். ஒன்பது வயதுச் சிறுவன் பள்ளிவாசல் பணியை ஏற்றான். பின்னர் லேட்டோ என்னும் நாட்டுப்புறக் கூத்துக் குழுவில் சேர்ந்து பாட்டுக் கட்டினான். ஆசன்சோலில் ரொட்டிக் கடையில் வேலை செய்தான். வறுமை இடைமறித்த போதெல்லாம் நின்று, வாய்ப்புக் கிட்டிய போதெல்லாம் தொடர்ந்தது அவன் கல்வி.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917இல், பள்ளி இறுதித் தேர்வை எழுதாமலே நஸ்ருல் படையில் சேர்ந்தார். 49ஆவது வங்காளிப் படைப்பிரிவு அவரைக் கராச்சிக்கு அனுப்பியது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் அங்கே இருந்தார். ஹவில்தார் நிலைக்கு உயர்ந்தார். போர்முனையை அவர் காணவில்லை. ஆயினும் பாசறை அவருக்கு இரண்டு செல்வங்களை அளித்தது. ஒன்று, ஒழுங்கும் அணிநடையின் தாளமும். மற்றொன்று, பாரசீக மொழி. படைப்பிரிவில் இருந்த பஞ்சாபி மௌலவி ஒருவரிடம் அவர் ஹாபிஸின் கவிதைகளைப் பாடம் கேட்டார். துப்பாக்கிப் பயிற்சிக்கும் இரவுக் காவலுக்கும் இடைப்பட்ட பொழுதுகளில் கற்ற அக்கவிதைகள், பின்னாளில் எவ்வாறு துணைநிற்கும் என்பதை அவர் அப்போது அறிந்திருக்க முடியாது. பாசறையிலிருந்து அவர் எழுதி அனுப்பியவை 1919 முதல் கல்கத்தா இதழ்களில் அச்சேறின.

1920இல் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. கல்கத்தா வந்து, நண்பர் முசஃபர் அகமதுவுடன் தங்கினார். தொடக்கக் காலக் கவிதைகள் ஹவில்தார் என்னும் அடைமொழியுடனேயே வெளிவந்தன. நம் பாரதியார் மறைந்த 1921ஆம் ஆண்டின் இறுதியில், ஓர் இரவில், பென்சிலால் எழுதி முடித்த 'பித்ரோகி' என்னும் நெடுங்கவிதை, இருபத்திரண்டு வயது இளைஞரை வங்கம் முழுவதும் அறியச் செய்தது. அடுத்த ஆண்டு 'தூமகேது' இதழைத் தொடங்கினார். அதில் எழுதிய ஒரு கவிதைக்காகச் சிறை சென்றார். கைதிகள் நடத்தப்பட்ட முறையை எதிர்த்து 1923இல் ஏறத்தாழ 40 நாள் உண்ணாநோன்பு இருந்தார். இரவீந்திரநாத் தாகூர் தம் 'வசந்த' என்னும் இசைநாடகத்தைச் சிறையிலிருந்த அவருக்குப் படையல் செய்தார்.

இதுவரை உள்ளது பலரும் அறிந்த வரலாறு. இனி வருவது இல்லத்தின் கதை.

1924 ஏப்ரலில் பிரமீளா தேவியை அவர் மணந்தார். மணமகள் இந்துக் குடும்பத்துப் பெண். மணத்தின் பொருட்டு எவரும் மதம் மாறவில்லை. இரு தரப்பிலும் எதிர்ப்பு எழுந்தது. பிரமீளாவின் தாய் கிரிபாலா தேவி மகளோடும் மருமகனோடும் வாழ்ந்து குடும்பத்தைத் தாங்கினார். பிள்ளைகளுக்கு நஸ்ருல் இட்ட பெயர்களைப் பாருங்கள்: கிருஷ்ண முகம்மது, அரிந்தம் காலித், சவ்யசாசி, அனிருத்தன். மேடைகளில் முழங்கிய ஒற்றுமையைத் தொட்டிலிலும் கடைப்பிடித்தவர் அவர். சொல்லும் செயலும் ஒன்றாவதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

முதற் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. இரண்டாம் மகன் அரிந்தம் காலிதை அனைவரும் புல்புல் என்றே அழைத்தனர். அவன் பிறந்த 1926ஆம் ஆண்டில் குடும்பம் கிருஷ்ணநகரில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தது. வறுமையையே பொருளாக்கி நஸ்ருல் கவிதை எழுதியதும், வங்க மொழியில் கஜல் இசைப்பாடல்களை வளர்க்கத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். 1928இல் வெளிவந்த இசைப்பாடல் தொகுதிக்கும் புல்புல் என்றே பெயர்.

1930 மே மாதம் புல்புல் பெரியம்மை கண்டு இறந்தான். நான்கு வயதுகூட நிரம்பவில்லை. மகன் நோயுற்றுக் கிடந்த நாள்களில், படுக்கையருகே அமர்ந்து நஸ்ருல் ஹாபிஸின் ருபாயத்துகளை வங்க மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். கராச்சிப் பாசறையில் கற்ற பாரசீகம், பிள்ளையின் நோய்ப்படுக்கையருகே அவருக்குக் கைகொடுத்தது. அவ்வாண்டே நூல் வெளிவந்தது. மறைந்த மகனுக்கே அதனைப் படையலாக்கினார். கவிதை மகனைக் காக்கவில்லை; எக்கவிதையும் காக்காது. ஆயினும் காத்திருக்கும் தந்தையின் கைகளுக்கு அது ஒரு வேலை தந்தது. மொழிபெயர்ப்பை இலக்கியப் பயிற்சி என்று மட்டும் எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அதன்பின் அவர் மனம் பக்தியின்பால் மிகுதியாகச் சென்றது. காளியைப் போற்றும் சியாமா சங்கீதமும் இஸ்லாமியப் பாடல்களும் ஒரே பேனாவிலிருந்து பிறந்தன. கிராமபோன் தட்டுகளுக்கும் வானொலிக்குமாக ஆயிரக்கணக்கான பாடல்களை இயற்றினார். 1939ஆம் ஆண்டளவில் பிரமீளா வாத நோயால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மருத்துவச் செலவுக்காகத் தம் நூல்களிலிருந்தும் இசைத்தட்டுகளிலிருந்தும் வரவேண்டிய உரிமைத்தொகையையும் அடகு வைத்தார் நஸ்ருல்.

1942 ஜூலையில் பேரிடி வீழ்ந்தது. நாற்பத்து மூன்று வயதில் அவர் பேச்சை இழந்தார்; தொடர்ந்து நினைவும் மங்கியது. 1953இல் இலண்டனுக்கும் வியன்னாவுக்கும் அழைத்துச் சென்றனர். மூளையைச் சிதைக்கும் பிக் நோய் என்றும், தீர்க்க இயலாது என்றும் வியன்னா மருத்துவர்கள் முடிவு கூறினர்.

அவர் பேச்சிழந்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள் பிரமீளா ஆற்றியிருந்தார். எழுந்து நடக்க இயலாதவர் படுத்தபடியே வீட்டை நடத்தினார். கணவருக்குத் தம் கையால் உணவூட்டினார். அவர் அறிவாரா, அறியாரா என்ற கேள்விக்கு விடை இல்லை. தலைவனோ அருகிலேயே அமர்ந்திருந்தான், ஆனால் மீளவில்லை. முல்லைப் புலவர் எவரும் பாடாத பிரிவு இது. போர்க்களம் காணாத ஹவில்தாரின் வீட்டில் உண்மையான காவல் பணியைச் செய்தவர் அந்த அம்மையாரே.

பிள்ளைகள் தந்தையின் குரலாயினர். மூத்தவர் சவ்யசாசி புகழ்பெற்ற கவிதை வாசிப்பாளர். தந்தையின் வரிகளை மேடைதோறும் முழங்கினார். இளையவர் அனிருத்தன் கிடார் இசைக் கலைஞர். தந்தையின் பாடல்களுக்குச் சுரக்குறிப்பு எழுதினார். வீட்டில் தந்தை மௌனமாக இருக்க, வெளியே பிள்ளைகள் வழியே அவர் பேசினார், பாடினார்.

பிரமீளா 1962 ஜூன் 30 அன்று மறைந்தார். கணவரின் பிறந்த மண்ணான சுருலியாவில் அவரை அடக்கம் செய்தனர். 1972 மே மாதம், விடுதலை பெற்ற வங்கதேசத்தின் அரசு நஸ்ருலை டாக்காவுக்கு அழைத்துச் சென்றது. இளமையில் அவர் இயற்றிய அணிநடைப் பாடல் அந்நாட்டின் படைநடைப் பாடலாயிற்று. 1976 ஆகஸ்டு 29 அன்று அவர் இறந்தார். டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசலின் அருகே அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். மனைவி ஒரு நாட்டில், கணவர் மற்றொரு நாட்டில். நடுவே, அவர் ஒருநாளும் ஏற்காத ஒரு பிரிவினையின் எல்லைக்கோடு.

நஸ்ருலைக் கொண்டாடும் விழாக்களில் நாம் கலகக் குரலையே கேட்கிறோம். அக்குரல் ஏறத்தாழ இருபதாண்டுகளே ஒலித்தது. மௌனம் முப்பத்து நான்கு ஆண்டுகள் நீடித்தது. குரலுக்கு விருதுகள் வந்தன. மௌனத்திற்குச் சோறூட்டியவருக்கு என்ன வந்தது? கவிஞர்களாகிய நீங்கள் அவரைப் பாடும்போது, சுருலியாவில் இருக்கும் அந்தக் கல்லறைக்கும் ஓர் அடி ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.