ஸ்ட்ரட் தந்த மேதை மெக்ஃபெர்சன்

(இரண்டாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



மெக்ஃபெர்சன் என்றால் வைவாவில் கேட்கும் ஒரு கேள்வி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர் என்று எனக்கு உறைத்தது, ஒரு தப்புப் பண்ணிய பிறகுதான்.

எங்க அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். போன லீவில் தெரிந்த அண்ணன் ஒருவர் பழைய மாருதி 800-ஐக் கொண்டுவந்து, ரேஸ் கார் மாதிரி முன்பக்கத்தை இறக்கித் தரச் சொன்னார். டிப்ளமோ படிக்கிறோமே என்ற மிதப்பு! முன் ஸ்பிரிங்குகளை இரண்டிரண்டு சுற்று வெட்டிவிட்டேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் கார் இடித்தது. சில வாரத்தில் முன் டயர்கள் உட்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது. புது ஸ்பிரிங்கும் டயரும் அப்பா காசில் வந்தன. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. காரணம் தேடிப் படித்தபோதுதான் இந்த மனிதரைச் சந்தித்தேன்.

ஏர்ல் ஸ்டீல் மெக்ஃபெர்சன் 1891-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1915-ல் இன்ஜினியரிங் முடித்தார். பல கார் கம்பெனிகளில் உழைத்து, 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். 1945-ல் ஷெவர்லே கேடட் என்ற சின்னக் காரை வடிவமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. விலை ஆயிரம் டாலருக்குள் இருக்க வேண்டும். எடையும் குறைய வேண்டும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஷாக் அப்சார்பரையே வீலைத் தாங்கும் தூணாக்கினார். அதன்மேல் ஸ்பிரிங்கை மாட்டினார். அடியில் ஒரு லோயர் ஆர்ம், உச்சியில் பாடியோடு ஒரு மவுண்ட். அப்பர் ஆர்மே தேவைப்படவில்லை! அவருக்கு முன்பும் சிலர் இப்படி யோசித்ததுண்டு. மலிவாகச் செய்யக்கூடிய வடிவம் தந்தவர் இவர்.

ஆனால் 1947-ல் கேடட் திட்டத்தையே கம்பெனி கைவிட்டது. வேறொருவராக இருந்தால் ஓய்ந்திருப்பார். இவர் அதே ஆண்டில் ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களின் முன்பக்கத்தில் அவருடைய ஸ்ட்ரட் இருந்தது. ஃபோர்டில் இன்ஜினியரிங் துணைத் தலைவராக உயர்ந்து, 1958-ல் ஓய்வு பெற்று, 1960-ல் மறைந்தார். நான் வெட்டிய மாருதியின் முன்பக்கத்தில் இருந்ததும் அதே ஸ்ட்ரட்தான்!

நம்மில் சிலருக்கு டிராக் ரேஸ் ஆசை உண்டு. அங்கே ஓட்டம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். 1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கை அமெரிக்காவில் இதற்கு நிறையப் பேர் தயார் செய்தார்கள். அதன் முன்பக்கம் மெக்ஃபெர்சன் முறையின் மாற்று வடிவம். ஸ்பிரிங் மட்டும் தனியே லோயர் ஆர்மில் உட்காரும். டிரைவ் பின் வீலில். கிளம்பும்போது பாரம் பின்னால் போனால்தான் பின் டயர் பிடிக்கும். அதனால் முன் ஸ்ட்ரட் லேசாக நீள வேண்டும், மெதுவாக அமுங்க வேண்டும். அதே செட்டிங்கோடு ரோட்டில் போனால் வளைவில் கார் அலையும். ரோட்டுக்கும் ரேஸுக்கும் ஒரே கார் என்றால், நீள்வதையும் அமுங்குவதையும் தனித்தனியே திருகி மாற்றும் ஸ்ட்ரட்தான் சரி. அதற்கும் முன்னால் புஷ், பால் ஜாயின்ட், மேல் மவுண்ட் நன்றாக இருக்கணும். ஸ்பிரிங்கை இறக்கினால் வீலின் சாய்மானமும் டோவும் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயர் போச்சு. ரேஸை டிராக்கோடு நிறுத்துவோம்; ரோட்டில் வேண்டாம்.

மெக்ஃபெர்சன் ஒரு பாகத்தை நீக்கினார். அதன் வேலையை யார் செய்வது என்று தீர்மானித்த பிறகு நீக்கினார். நான் யோசிக்காமல் வெட்டினேன். இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான் நண்பர்களே! இப்போது அப்பா கடைக்கு ஒருபக்கம் தேய்ந்த டயர் வந்தால், ஸ்ட்ரட்டைப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்.